வானத்தில் ஒளி, மண்ணுக்கடியில் விஷம்

கனடாவின் வடபகுதியில், கிரேட் ஸ்லேவ் ஏரிக்கரையில் இருக்கிறது யெல்லோநைஃப். சுமார் இருபதாயிரம் பேர் வாழும் ஊர். துருவ ஒளி தோன்றும் வளையத்துக்கு நேர் கீழே அமைந்த சமதரை என்பதால், அதைப் பார்க்க ஜப்பானிலிருந்துகூட ஆட்கள் வந்து குவிகிறார்கள்.

மார்ச்சில் ஏரி இறுகிக் கிடக்கும். அதன்மேல் பனியால் கோட்டை கட்டி, உள்ளே பாட்டுக் கச்சேரி நடத்துகிறார்கள். நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிப் பந்தயம் 1955 முதல் நடக்கிறது. எதிர்க்கரையில் உள்ள டெட்டா என்ற டெனே பழங்குடிக் கிராமத்துக்கு ஆறரை கிலோமீட்டர் பனிச்சாலையில் காரிலேயே போகலாம். அங்கே விழா என்றால் பறை முழங்கும். எந்தக் கையில் பொருள் ஒளிந்திருக்கிறது என்று ஊகிக்கும் கைவிளையாட்டு சூடுபிடிக்கும். கோடையில் கனூ படகும் மீன்பிடிப்பும்.

சுற்றுலாக் கையேடுகள் சொல்லவேண்டிய இன்னொரு கதையும் இந்த ஊருக்கு உண்டு.

ஊரின் ஓரத்தில் 1948 முதல் 2004 வரை ஒரு தங்கச் சுரங்கம் ஓடியது. தாதுவை வறுத்துத்தான் தங்கத்தைப் பிரித்தார்கள். வறுக்கும்போது கிளம்பியது ஆர்சனிக் புகை. தொடக்க ஆண்டுகளில் அதைத் தடுத்துப் பிடிக்க ஏற்பாடே இல்லை, பனியில் படிந்தது. 1951இல் அந்தப் பனியை உருக்கிய நீரால் ஒரு டெனே குழந்தை இறந்தது. 1969இல் ஊர் தன் குடிநீரை ஏரியிலிருந்து ஆற்றுக்கு மாற்றிக்கொண்டது.

பின்னர் பிடித்துச் சேர்த்த ஆர்சனிக் தூள், 2 லட்சத்து 37 ஆயிரம் டன், இன்றும் நிலத்தடி அறைகளில் கிடக்கிறது. நீரில் கரையும் தூள் அது. பக்கத்திலேயே ஏரிக்குப் போகும் ஓடை.

அறைகளைச் சுற்றியுள்ள பாறையை உறையவைத்துப் பூட்டுவதே திட்டம். கரியமில வாயு அடைத்த குழாய்கள், குளிர்காலத்தில் நிலத்தின் சூட்டை இழுத்து வெளியே விடும். ஊரை ஒட்டிய ஏரியின் விரிகுடாவில் தாராளமாக நீந்தலாம், மீன் பிடிக்கலாம் என்கிறார்கள் அதிகாரிகள். இருக்கட்டும். சுரங்கத்தை ஒட்டிய சில சிறு ஏரிகளில் குளிக்காதீர்கள், மீன் பிடிக்காதீர்கள், கரையில் பழம் பறிக்காதீர்கள் என்ற எச்சரிக்கையும் அவர்கள் விடுத்ததுதான்.

ஆர்சனிக் சிதைந்து மறையாது. ஆகவே அந்த உறைவும் என்றென்றைக்கும் நீடிக்கவேண்டும், அதுவும் உலகச் சராசரியைவிட வேகமாகச் சூடேறும் வட்டாரத்தில். 2023 ஆகஸ்டில் காட்டுத்தீ நெருங்கியபோது ஊரையே காலிசெய்ய வேண்டிவந்தது. நூறு ஆண்டு கழித்து யார் காவல் காப்பார்கள்? அங்கே தோண்டக்கூடாது என்பதை எந்த மொழியில் எழுதிவைப்பது? டெனே மூத்தோர் நெடுநாளாகக் கேட்டுவரும் இந்தக் கேள்விகளை ஒளி பார்க்க வருபவர்களிடமும் சொல்லவேண்டும், வழிகாட்டியின் பேருந்திலேயே.