உங்களுக்குத் தெரியுமா? பாரக்ஸ் அருங்காட்சியகமான கதை

அயர்லாந்து தலைநகர் டப்ளினில், லிஃபி ஆற்றின் வடகரையில் 1700-களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் படைக்காக எழுந்தது ராயல் பாரக்ஸ் என்ற படைவீரர் குடியிருப்பு. வடிவமைத்தவர் தாமஸ் பர்க்.

▪ அயர்லாந்து விடுதலைப் போராளி வுல்ஃப் டோன் 1798-இல் இங்கேதான் ராணுவ நீதிமன்ற விசாரணைக்கு உள்ளானார்.

▪ 1922 டிசம்பரில் அயர்லாந்துப் படையின் கைக்கு வந்ததும், அதே ஆண்டு கொல்லப்பட்ட அயர்லாந்து விடுதலைத் தலைவர் மைக்கேல் காலின்ஸின் பெயரைப் பெற்றது.

▪ 1997 முதல் தேசிய அருங்காட்சியகத்தின் ஒரு பிரிவு இங்கே இயங்குகிறது. அணிவகுப்பு மைதானமான கிளார்க் சதுக்கமும் அதைச் சூழ்ந்த கட்டடங்களும் இன்றும் இருக்கின்றன. வீரர்களின் நடையை அளக்கச் சுவரில் இட்ட எண்களையும் காணலாம்.

▪ பின்புறமுள்ள ஆர்பர் ஹில் கல்லறையில், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சிக்காகச் சுட்டுக்கொல்லப்பட்ட தலைவர்களில் 14 பேர் புதைக்கப்பட்டுள்ளனர்.