வானினின்று முதன்முறை குதித்தல்

புதுச்சேரிக்கு வடக்கே, சென்னை செல்லும் கடற்கரைச் சாலையை அடுத்துள்ளது கனகசெட்டிக்குளம். அத்தகைய கரையோர மணற்பாங்கில் எருக்கங்காய் முற்றி வெடிக்குங்கால், வெண்பஞ்சு சூடிய சிறு விதைகள் காற்றில் ஏறி, நெடுநேரம் மிதந்து, மெல்ல மண்ணிற் படிதலை யாவரும் கண்டிருப்பர். பஞ்சு விதையின் வீழ்ச்சியை ஒழிப்பதன்று. அதனைத் தாமதிக்கச் செய்வதேயாம். விதை வீழ்கின்றது, ஆயினும் கெடுவதில்லை. மனிதன் வானினின்று குதித்து உயிரோடு தரை சேர்வதற்கு உதவும் பாராசூட் என்னும் வான்குடையின் தத்துவமும் இதுவே. இத்தகைய குதிப்பை முதன்முறை மேற்கொள்வோன் எதனை நம்பிக் குதிக்கின்றான், எதன்பொருட்டுக் குதிக்கின்றான் என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

ஆதரவின்றி விடப்பட்ட பொருள் முதல் விநாடியிற் சுமார் 16 அடியும், இரண்டாம் விநாடி முடிவதற்குள் 64 அடியும், மூன்றாம் விநாடி முடிவதற்குள் 144 அடியும் வீழும் என்பது பௌதிக நூல் பயிலும் மாணாக்கர் அறிந்ததே. ஆயினும் காற்றினூடே வீழ்வோனது வேகம் எல்லையின்றி வளர்வதில்லை. வேகம் இருமடங்காயின் காற்றின் தடை ஏறக்குறைய நான்மடங்காகும். ஆதலின், கைகால்களை விரித்துக் குப்புற வீழும் மனிதனுக்குப் பத்துப் பன்னிரண்டு விநாடிகளில் தடையும் உடற்பாரமும் சமமாகிவிடுகின்றன. அதன்பின் அவன் மணிக்குச் சுமார் 120 மைல் வேகத்தில் மாறாது வீழ்வான். வட்ட வடிவான வான்குடை விரிந்தவுடன், தடையேற்கும் பரப்பு மிகுதலால், அவ்வேகம் விநாடிக்குச் சுமார் 20 அடியாகக் குறைகின்றது. ஆறடி உயரமுள்ள மதிலினின்று குதிப்பவன் தரையைத் தொடும் வேகம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவே இதுவும். கால்களைச் சேர்த்து வைக்கக் கற்றவனுக்கு இஃது இன்னலன்று. கல்லாதவனுக்கோ எலும்பு முறியப் போதுமானது.

இக்கருவியின் ஆதி சரித்திரத்தில் பிரெஞ்சு மக்களுக்குப் பெரும் பங்குண்டு. பாராசூட் என்பதே வீழ்ச்சியைத் தடுப்பது எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லாம். 1783ஆம் ஆண்டில் லெனோர்மான் என்பவர் மோம்பெலியே நகரத்து வானாராய்ச்சிக் கோபுரத்தினின்று குதித்துக் காட்டினார். 1797ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள், ஆந்த்ரே ழாக் கார்னெரேன் என்பவர் பாரிஸ் நகரில், வாயுக் கூண்டின் துணையாற் சுமார் 3000 அடி உயரம் சென்று, பட்டுக்குடையின் கீழ்த் தொங்கிய கூடையில் அமர்ந்தவாறே இறங்கினார். குடையினுள் அடைபட்ட காற்று வெளியேற வழியின்றி விளிம்பிற் பக்கம் பக்கமாகப் பீறிட்டமையின், கூடை ஊசல்போலக் கொடிதாக ஆடிற்று. ஆயினும் அவர் உயிர் தப்பினார். குடையின் உச்சியில் ஒரு துளையிடுதலே அவ்வாட்டத்தைத் தணிக்கும் வழியெனப் பின்னர் அறியப்பட்டது. ஒருவர் உயிரைப் பணயம் வைத்துக் கண்ட குறை, பின்வந்தோர் அனைவருக்கும் காப்பாயிற்று. விமானத்தினின்று குதித்து, சிறிது வீழ்ந்தபின் தம் கையாலேயே கயிற்றை இழுத்துக் குடையை விரிக்கும் முறையை 1919ஆம் ஆண்டில் அமெரிக்கரான லெஸ்லி இர்வின் செய்து காட்டினார். வீழ்வோன் அறிவிழந்துவிடுவான் என்று பலர் கொண்டிருந்த கருத்து அன்று பொய்யாயிற்று. அவருக்குக் கணுக்கால் முறிந்தமையோ வானிலன்று, தரையில்.

இதனாலேயே, முதற்குதிப்புக்குரிய பயிற்சியிற் பெரும்பகுதி வானில் நடவாது தரையிலேயே நடைபெறுகின்றது. நம் நாட்டுப் படையினர் ஆக்ராவிலுள்ள பாராசூட் பயிற்சிப் பள்ளியில் இதனைக் கற்கின்றனர். கால்களைச் சேர்த்து, முழங்காலைச் சற்றே மடித்து, தரை தொட்டவுடன் கெண்டைக்கால், தொடை, இடுப்பு, தோட்புறம் என்னும் வரிசையிற் சாய்ந்து உருளுதல் வேண்டும். ஓரிடத்தில் தாக்க வேண்டிய விசையை உடல் முழுவதும் பங்கிட்டுக்கொள்ளுதலே இதன் நோக்கம். புதியோனுடைய குடையின் கயிற்றை விமானத்திலேயே பிணைத்துவிடுவர். அவன் குதித்தவுடன் அதுவே குடையை உறையினின்று இழுத்து விரிக்கும். அவன் செய்யவேண்டுவது உடலை ஒடுக்கிச் சில விநாடிகள் எண்ணுவதும், பின் தலைநிமிர்ந்து குடை விரிந்ததாவென நோக்குவதுமாம். விரியாதாயின் மார்பிலுள்ள இரண்டாம் குடை இருக்கவே இருக்கின்றது. தரையை அணுகுங்காற் காற்றை எதிர்நோக்குதல் நலம். பிற்பகலிற் கடற்காற்று வீசும் நம் கரைப்பகுதியில் இறங்குவோன் கடலை நோக்கியே இறங்கவேண்டியவனாவான்.

கதவண்டை நிற்கும் முதற்கணத்தில் அச்சம் தோன்றாதவர் அரியர். அவ்வச்சம் இழிவன்று, உயிரைக் காக்க இயற்கை வைத்த காவலாளே அது. அதனைப் பயிற்சி அடியோடு ஒழிப்பதில்லை, அடக்கி ஆள்கின்றது. குதிப்பவனோ தனியனல்லன். குடையைத் தைத்தவர், அதன் ஒவ்வொரு மடிப்பையும் பார்த்து மடித்து இன்ன நாளில் மடித்தேன் என ஏட்டிற் குறித்தவர், காற்றை அளந்தவர், உருளக் கற்பித்தவர் ஆகிய பலரும் அவனோடு அக்கதவண்டை நிற்கின்றனர். இவர்களது உழைப்பில் வைக்கும் நம்பிக்கையே அவனை அடியெடுத்து வைக்கச் செய்வது. ஒன்றும் அறியாது குதிப்பது துணிவன்று, மடமையே.

இனி, எதன்பொருட்டுக் குதித்தல் என்பதற்கு நம் நாட்டினின்றே ஒரு சான்று காட்டலாம். 1941ஆம் ஆண்டில் இந்தியச் சேனையில் 50ஆவது பாராசூட் பிரிகேடு அமைக்கப்பெற்றது. அதன் 152ஆவது பட்டாளத்தின் வைத்தியராக அமர்ந்தவர், ஆற்காடு என்னும் ஊர்ப்பெயரைத் தம் பெயரின் முற்பகுதியாகக் கொண்ட டாக்டர் ரங்கராஜ். ஹவில்தார் மேஜர் மதுரா சிங்கும் இவருமே இந்தியச் சேனையினருள் முதன்முதல் வான்குடையால் இறங்கியோர் எனப் போற்றப்படுகின்றனர். வைத்தியர் ஏன் குதித்தல் வேண்டும் என்று வினவலாம். வானினின்று இறங்கும் படை, சாலையும் ஆஸ்பத்திரியும் இல்லாவிடத்தில் இறங்குவது. அங்கே காயமுற்றோனுக்கு வைத்தியனும் அங்கேயே இறங்கியிருந்தாலன்றி உதவி கிட்டாது.

கொரியாவில் யுத்தம் மூண்டபொழுது, இந்தியா போர்ப்படை அனுப்பாது, 60ஆவது பாராசூட் வைத்தியப் பிரிவை அனுப்பிற்று. லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜ் அதன் தலைவராய்ச் சென்றார். 1951ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் நாள், மூவாயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கப் படையினர் முன்சான் என்னுமிடத்தில் வான்குடைகளால் இறங்கினர். அவர்களோடு ரங்கராஜும் அவருடைய பிரிவினருமாகப் பன்னிரு இந்தியர் இறங்கி, காயமுற்றோருக்குச் சிகிச்சை செய்தனர். அவருக்கு மகாவீர சக்கரம் அளிக்கப்பெற்றது. சேனையை விட்டபின்னும் அவர் ஓய்ந்தாரல்லர். உலக சுகாதார ஸ்தாபனத்தின் சார்பில், ஆப்கானிஸ்தானத்து மலைநாட்டிற் பெரியம்மையை ஒழிக்கும் பணியை நடத்தினார். 1972ஆம் ஆண்டோடு அந்நாட்டில் அந்நோய் நிலைகொண்டு பரவுதல் நின்றது. வான்வழி எளிதாயின் வான்வழியும், மலைவழியே உளதாயின் மலைவழியும் சென்று, பிணியாளன் இருக்குமிடத்தைத் தாமே அடைந்த வைத்தியர் அவர்.

இக்காலத்தில் வான்குதிப்பு ஒரு விளையாட்டாகவும் வளர்ந்துள்ளது. முதன்முறை குதிப்போரைத் தேர்ந்த ஆசானுடைய உடலோடு சேர்த்துப் பிணைத்து, சுமார் 10,000 அடி உயரத்தினின்று குதிக்கச் செய்கின்றனர். அரை நிமிடத்துக்குச் சற்றே மேற்பட்ட நேரம் வீழ்ந்தபின், நீள்சதுரக் குடை விரிந்து பறவைபோலச் சறுக்கிச் செல்லும். கையால் விரிக்கத் தவறினும், உயரத்தைத் தானே உணர்ந்து குடையை விரிக்கும் கருவியும் உண்டு. மாடியின் விளிம்பில் நிற்போருக்கு உண்டாகும் தலைசுற்றல் அவ்வளவு உயரத்திற் பெரிதும் தோன்றுவதில்லை என்றும், யாதென அறியாது செய்த முதற்குதிப்பினும் அறிந்து செய்யும் இரண்டாவதே கடினமென்றும் குதித்தோர் பலர் கூறுவர்.

அவ்விரண்டாம் குதிப்பைப் பற்றிய சொல் நம் சிந்தனைக்குரியது. முதற்குதிப்பை வியப்பும் ஆவலும் செய்வித்துவிடக்கூடும். மீண்டும் மீண்டும் குதிக்கவோ, அக்குதிப்பினும் பெரியதொரு காரியம் கீழே காத்திருத்தல் வேண்டும். கலாசாலைக் கதவண்டை நிற்கும் மாணவ நண்பர்களுக்கும் இஃது ஒக்கும். பல ஆண்டுகளாகப் பலர் மடித்துத் தந்த கல்வி உங்கள் முதுகில் உளது. அதனை நம்பி அடியெடுத்து வையுங்கள். ஆயின், யாருடைய துயரிருக்கும் நிலத்தில் இறங்கப் போகின்றீர்கள் என்பதை முன்னரே தெரிந்து வையுங்கள்.