கொழுகொழு எழுத்து

எழுத்துக்கும் உடல்வாகு உண்டு. சில எழுத்துக்கள் ஒட்டி உலர்ந்து நிற்கும். சில, கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். 'கூப்பர் பிளாக்' என்ற ஆங்கிலத் தலைப்பெழுத்தோ, தீபாவளிச் சாப்பாடு முடிந்து திண்ணையில் சாய்ந்திருக்கும் மாமாவைப் போல இருக்கும். ஒரே கறுப்பு, எங்கும் உருண்டை, கூர்முனை மருந்துக்கும் கிடையாது. 'ஈஸிஜெட்' விமானக் கம்பெனியின் பெயர் இந்த எழுத்தில்தான் இருக்கிறது.

இதை வரைந்தவர் ஓஸ்வால்ட் கூப்பர் என்ற அமெரிக்கர். 1879-ல் ஒஹாயோவில் பிறந்தவர். 17 வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, அச்சுக்கூடத்தில் எடுபிடி வேலைக்குப் போனார். பிறகு சித்திரக்காரர் ஆகவேண்டும் என்ற ஆசையுடன் சிகாகோவில் ஒரு சித்திரப் பள்ளியில் சேர்ந்தார். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, படம் தமக்கு வராது என்று! நல்லவேளையாக, அங்கே பிரெடரிக் கௌடி என்ற ஆசிரியர் எழுத்து வரையக் கற்றுக்கொடுத்து வந்தார். அந்த வகுப்பில் கூப்பருக்குக் கை படிந்துவிட்டது. 1904-ல் ஒரு கூட்டாளியுடன் விளம்பரத் தொழிலில் இறங்கி, தலைப்புகளை மையில் கையாலேயே வரைந்து பெயர் வாங்கினார்.

சிகாகோவில் ஈய எழுத்து வார்க்கும் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் கம்பெனி இவரைப் பிடித்துக்கொண்டது. 1922-ல் கூப்பர் பிளாக் வெளிவந்தது. அதன் சூட்சுமம் அந்த உருண்டையில்தான் இருக்கிறது. அச்சில் முதலில் தேய்வது கூர்முனை. மட்டக் காகிதத்தில் மை கசிந்தால் முதலில் அலங்கோலமாவதும் அதுவே. முனையே இல்லாத எழுத்து கொஞ்சம் தேய்ந்தால் யாருக்குத் தெரியப் போகிறது?

பழைய சம்பிரதாயக்காரர்கள் 'கறுப்பு அபாயம்' என்று அலறினார்கள். கூப்பர் அசரவில்லை. தூரதிருஷ்டி உள்ள அச்சுக்கூடக்காரர்களுக்காகவே இதைச் செய்ததாகவும், அவர்களுடைய வாடிக்கைக்காரர்களுக்குக் கிட்டப்பார்வை என்றும் சொன்னார். குறும்புக்கார மனிதர்!

விற்பனை பிரமாதமாக நடந்ததும் போட்டி கிளம்பியது. எழுத்தின் உருவத்துக்கு அமெரிக்கச் சட்டத்தில் பதிப்புரிமை கிடையாது. மானோடைப் கம்பெனி, இதே ஜாடையில் ஒன்று வேண்டும் என்று யாரிடம் போய் நின்றது தெரியுமா? சாட்சாத் கௌடியிடமே! 1925-ல் 'கௌடி ஹெவிஃபேஸ்' வந்தது. குருவுக்கு அந்த வேலையில் அவ்வளவு பிடிப்பு இருக்கவில்லை. சீடனின் எழுத்தைத்தான் இன்றும் உலகம் வைத்திருக்கிறது.

அதே 1925-ல் 'கூப்பர் ஹைலைட்' என்ற தம்பியும் பிறந்தது. அது உருவான விதம் வேடிக்கை. அச்சான கறுப்பு எழுத்தின்மேல் வெள்ளைக் கோடு தீட்டினார்கள். பலூனில் வெயில் பட்டதுபோல மினுமினுப்பு வந்துவிட்டது!

கூப்பர் 1940-ல் காலமானார். ஈய எழுத்தின் காலம் மங்கிய பிறகும் அவர் எழுத்துக்கு மவுசு குறையவில்லை. 1966-ல் 'பீச் பாய்ஸ்' பாட்டுக் குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்' இசைத்தட்டு உறையில் ஏறிக்கொண்டது. 1968-ல் தொடங்கிய 'டாட்'ஸ் ஆர்மி' என்ற பி.பி.சி. ஹாஸ்யத் தொடரின் தலைப்பிலும் இதுதான்.

உபயோகிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இரண்டு மூன்று வார்த்தைகளுக்குத்தான் இது லாயக்கு. பொடியாக அச்சிட்டால் உள்ளே இருக்கும் சின்ன ஓட்டைகள் அடைபட்டு, எழுத்து வெறும் மைக்கறையாகிவிடும். மிட்டாய்க் கடைப் பலகைக்கு ஜோர். சினிமா விளம்பரத்துக்கும் குழந்தைப் புத்தக அட்டைக்கும் அப்படியே. கருமாதிப் பத்திரிகைக்குப் போட்டால் அடிக்க வருவார்கள்!