பெயரும் அடையாளமும்

அன்பின் ஐந்திணையில் தலைமக்களின் பெயர் சுட்டப்பெறலாகாது என்பது தொல்காப்பியர் விதி. நெடுநல்வாடை தலைவன் பெயரைச் சுட்டவில்லை. எனினும், வேலில் அமைந்த வேம்பு பாண்டியனைக் காட்டிவிடுதலின் அது புறமாயிற்று என்பர் நச்சினார்க்கினியர்.

இது பாட்டிலக்கணமே, உரிமைச் சட்டமன்று. ஆயினும், பெயர் மறைந்தும் அடையாளம் ஆளைக் காட்டும் என்னும் உண்மை இதனுட் பொதிந்துள்ளது. பிறந்த நாள், பால், அஞ்சற் குறியீடு ஆகிய மூன்றுமே அமெரிக்க மக்களுள் 87 விழுக்காட்டினரைத் தனித்துக் காட்டக்கூடும் என 2000-இல் லத்தான்யா சுவீனி கணித்தார்.

அந்தரங்கம் அடிப்படை உரிமையே என இந்திய உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அவ்வுரிமையைக் காக்கப் பெயரை நீக்குதல் மட்டும் அமையாது. வேம்பையும் நீக்குதல் வேண்டும் என்பதே யாம் கருதுவது.