குப்பாயம் தைத்த கைகள்

பத்மநாபபுரம் என்றதும் எல்லோருக்கும் அரண்மனைதான் நினைவுக்கு வரும். கடைந்தெடுத்த மரத் தூண்கள். முகம் பார்க்கலாம் போல் மின்னும் கருந்தரை. சுற்றிலும் கருங்கல் கோட்டை. 1795 வரை திருவிதாங்கூருக்குத் தலைநகராக இருந்த ஊர் அல்லவா!

அந்த ஊர்க் கோர்ட்டின் முன் 1823-ல் ஒரு விசித்திரமான விவகாரம் வந்தது. களவு இல்லை, கொலை இல்லை, வரப்புத் தகராறும் இல்லை. பெண்கள் ரவிக்கை போடலாமா, கூடாதா என்பதுதான் வழக்கு!

இன்று கேட்டால் நம்பவே தோன்றாது. அன்றோ அது அடிதடியில் முடிந்த சங்கதி.

மேலாடைக்குத் தடை

அந்தக் காலத்தில் இன்ன சாதியார் இன்ன உடைதான் உடுத்தலாம் என்று கட்டுப்பாடு இருந்தது. நாடார் முதலிய பல சமூகத்துப் பெண்கள் மேல்சாதியார் முன்னிலையில் மார்பை மறைக்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது. செருப்புப் போடக் கூடாது. பொன் நகை அணியக் கூடாது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து எடுத்துவரக் கூட உரிமை இல்லை!

இந்த மக்களிடையே 1806-ல் ஊழியம் செய்ய வந்தார் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மன் குரு. அவர் லுத்தரன் முறைப்படி குருப்பட்டம் பெற்றவர்; லண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் வந்தவர். மயிலாடியில் ஆலயம் எழுப்பினார். அவர் 1816-ல் ஊரை விட்டுப் போன பிறகு மீட், மால்ட் என்ற இரண்டு ஆங்கிலேயக் குருமார் அடுத்தடுத்து வந்தார்கள்.

குருமார் பெயர்கள் சரித்திரத்தில் பெரிதாக நிற்கின்றன. ஆனால் ஊர்ப் பெண்களின் வாழ்க்கையை மாற்றியதில் அவர்களுடைய மனைவிமாருக்குப் பெரும் பங்கு உண்டு.

இரண்டு அம்மாமார்

மீட் குருவின் மனைவி ஜொகன்னா அம்மாள். தரங்கம்பாடியில் 1706-ல் தொடங்கிய லுத்தரன் ஊழியத்தின் வழியில் வளர்ந்தது தஞ்சாவூர் மிஷன். அங்கே பணியாற்றிய ஹார்ஸ்ட் என்ற குருவின் மகள் இவர்.

மால்ட் குருவின் மனைவி மார்த்தா அம்மாள். 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்தவர், சுமார் முப்பத்தைந்து ஆண்டுகள் அங்கேயே உழைத்தார். பெண் குழந்தைக்குப் படிப்பு எதற்கு என்று எல்லோரும் கேட்ட நாளில், பெண்களுக்கென்று உண்டு உறைந்து படிக்கும் பள்ளியைத் தொடங்கினார். அந்தப் பள்ளியே பின்னால் டதி பெண்கள் பள்ளியாக வளர்ந்தது.

பள்ளிக்கு வந்த பெண்களுக்கு மேலே போட ஏதாவது வேண்டுமே! இரண்டு அம்மாமாரும் யோசித்து, உடம்பை இறுக்காத, குட்டைக் கை வைத்த ஒரு சட்டையை வெட்டித் தைத்தார்கள். அதுதான் குப்பாயம். வெட்டவும் தைக்கவும் ஊர்ப் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள்.

கோர்ட்டின் தீர்ப்பு

குப்பாயம் போட்டு வெளியே வந்த பெண்களுக்குச் சந்தையிலும் பாதையிலும் ஆபத்து காத்திருந்தது. கல்குளம் பகுதியில் 1822-ல் கலகம் மூண்டது. பெண்களின் சட்டைகளைப் பிடித்து இழுத்துக் கிழித்தார்கள்.

மீட் குரு ஆங்கிலேய ரெசிடெண்டு கர்னல் நிவாலிடம் முறையிட்டார். விசாரிக்கும் பொறுப்பு பத்மநாபபுரம் கோர்ட்டுக்கு வந்தது. கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் அணியலாம் என்று 1823-ல் தீர்ப்பு ஆயிற்று.

ஆனாலும் அதோடு சண்டை ஓயவில்லை. 1829-ல் அரசு மறுபடியும் ஒரு கட்டளை போட்டது: குப்பாயம் போடலாம், மேல்சாதிப் பெண்களைப் போல் தோள்சீலை மட்டும் கூடாது. 1858-லும் 1859-லும் மீண்டும் பெரும் கலகம். கடைசியில் 1859 ஜூலை 26-ல் பிறந்த ராஜ விளம்பரம், கிறிஸ்தவர் அல்லாத நாடார் பெண்களுக்கும் மேலாடை உரிமை தந்தது. மேல்சாதியார் உடுத்தும் மாதிரி மட்டும் கூடாது என்ற நிபந்தனை அப்போதும் இருந்தது!

நூல் கொடுத்த விடுதலை

மார்த்தா அம்மாள் கற்றுக் கொடுத்த இன்னொரு தொழில் லேஸ் பின்னுவது. கெட்டியான ஒரு திண்டின் மேல் துளையிட்ட மாதிரித் தாளை விரிப்பார்கள். துளைகளில் குண்டூசிகளைக் குத்துவார்கள். சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றி மாற்றிப் போட்டு முறுக்கினால், ஊசிகளைச் சுற்றிப் பூவும் கொடியும் உருவாகும். கண்ணும் கையும் பொறுமையும் வேண்டிய வேலை.

அந்த லேஸை வெள்ளைக்காரர்கள் விரும்பி வாங்கினார்கள். பின்னிய பெண்களுக்குக் கூலி கிடைத்தது; பள்ளிச் செலவுக்கும் உதவியது.

இந்தப் பெண்களில் அடிமைகளும் இருந்தார்கள். ஆம், திருவிதாங்கூரில் 1855 வரை மனிதரை மனிதர் விலைக்கு வாங்குவது வழக்கத்தில் இருந்தது. லேஸ் பின்னிச் சேர்த்த காசை எசமானிடம் கொடுத்துத் தங்களைத் தாங்களே மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு! ராஜ கட்டளை வருமுன்னே, தங்கள் விரல்களால் விடுதலை சம்பாதித்தவர்கள் அவர்கள்.

அந்தக் கலை நாகர்கோவிலோடு நிற்கவில்லை. மார்த்தா அம்மாளின் மகள் எலிசா, 1844-ல் கால்டுவெல் குருவை மணந்தார். திராவிட மொழிகளை ஆராய்ந்தாரே, அதே கால்டுவெல்! இடையன்குடிக்குப் போன எலிசா அம்மாள், அங்கும் பெண்களுக்குப் பள்ளி வைத்து, லேஸ் பின்னவும் கற்றுக் கொடுத்தார்.

பெயர் தெரியாத பெண்கள்

கோர்ட்டு தீர்ப்பு எழுதியது. ராஜா விளம்பரம் செய்தார். ஆனால் இன்று கிழிபடும் என்று தெரிந்தும் நாளைக்கு மறுபடி குப்பாயம் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனாளே ஒருத்தி, அவள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. அவளைப் போல எத்தனை பேரோ! அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தால் வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை.

அரண்மனை பார்க்கப் போகிறவர்கள் தூணையும் தரையையும் நன்றாகப் பார்க்கட்டும். திரும்பும் வழியில் தக்கலைக் கடைவீதி வரும். அங்கே எந்தப் பெண்ணும் தனக்குப் பிடித்த துணியை எடுத்து, பிடித்த மாதிரி ரவிக்கை தைக்கக் கொடுக்கலாம். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். அந்தச் சாதாரணக் காரியத்துக்காக இருநூறு ஆண்டுகளுக்கு முன் அடி வாங்கிய பெண்களையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளட்டும்.