குலசைப் பயணம்: தேரிக்காடு காலி இடமா?

நான் சுவாமிமலைக்காரன். எங்க ஊர்ல மண்ணுன்னா காவிரி வண்டல். மெழுகுல செஞ்ச உருவத்து மேல அந்த வண்டலைப் பூசித்தான் ஐம்பொன் சிலைக்கு அச்சு எடுப்பாங்க. மண்ணுன்னா ஒட்டும், பதியும். அது பறக்கும்னு எனக்குப் புரிஞ்சது போன ஆடியிலதான்.

ராத்திரி கும்பகோணத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறினா காலையில திருச்செந்தூர். அம்மாவுக்கு முருகன்கிட்ட வேண்டுதல். எனக்கு, அங்கிருந்து 15 கி.மீ.க்குள்ள இருக்கிற குலசேகரன்பட்டினம் பார்க்கணும். ஒரு காலத்துல துறைமுகம், இப்போ தசரா ஊர். 2024 பிப்ரவரி 28 அன்னைக்கு அடிக்கல் நாட்டின இஸ்ரோவோட இரண்டாவது ஏவுதளம் இந்த ஊருக்குத்தான்.

ஏன் இங்க? துருவப் பாதைக்குப் போற ராக்கெட் தெற்கு நோக்கிப் பறக்கணும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேரா தெற்கே விட்டா குறுக்கே இலங்கை. அதனால முதல்ல தென்கிழக்கே போய், அப்புறம் திரும்பணும். அந்தத் திருப்பத்துக்கே எரிபொருள் செலவாகும். எஸ்.எஸ்.எல்.வி. மாதிரி குட்டி ராக்கெட்டுக்கு அது பெரிய நஷ்டம். குலசையிலிருந்து தெற்கே வெறும் கடல்தான்.

சரி, பாலைவனம் எங்க? திருச்செந்தூருக்கு மேற்கே, காயாமொழி பக்கம். செக்கச்செவேல்னு மணல் மேடுகள். இதுக்குப் பேர்தான் தேரி. மணல் துகள் மேல இரும்பு ஆக்சைடு படிஞ்சிருக்கு, அதான் சிவப்பு. தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா வறண்டு, வேகமா வரும். முப்பந்தல் காற்றாலையைச் சுத்துற காத்தும் அதேதான். அது மணலை அள்ளிட்டுப் போகாம பனை, முந்திரி, உடைமரம்னு வளர்த்துப் பிடிச்சு வெச்சிருக்காங்க.

மேப்புல பார்த்தப்போ, "காலியா கிடக்கு, ராக்கெட் விட நல்ல இடம்"னு நண்பர்கள்கிட்ட சொல்லியிருந்தேன். அதையே ஆட்டோ அண்ணன்கிட்டயும் சொன்னேன். அவர் சிரிச்சார். "யாரு சொன்னா காலின்னு? தேரி குடிக்கிற மழையத்தான் தம்பி, நாங்க கிணத்துல குடிக்கோம்."

யோசிச்சா சரிதான். வண்டல்ல மழை தேங்கி நிக்கும். இந்த மணல்ல நிக்காது, நேரா கீழே இறங்கிடும். வெயில் உறிஞ்சறதுக்குள்ள நிலத்தடிக்குப் போயிடும். மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில்ல, தேரி நடுவுலயே சுனை இருக்கு. உடன்குடி கருப்பட்டி தெரியும்ல? 2023ல புவிசார் குறியீடு வாங்கின அந்தக் கருப்பட்டியும் இந்தப் பக்கத்துப் பனையிலிருந்துதான் வருது.

ஏவுதளம் வேண்டாம்னு நான் சொல்லல. வரட்டும், எனக்கும் சந்தோஷம்தான். ஆனா பக்கத்துல ரோடு, கட்டடம், லேஅவுட்னு ஒவ்வொண்ணா வரும்போது தேரியைத் தரிசுன்னு கணக்குல எழுதினா, ஒரு தண்ணித் தொட்டியை மூடின மாதிரி ஆகிடும். எங்க ஊர் ஆத்து மணலை அள்ளினப்போ கிணறு என்ன ஆச்சுன்னு டெல்டாக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.

ஊருக்கு வந்து செருப்பைத் தட்டினா, திண்ணையில கொஞ்சம் செம்மண். அம்மா பெருக்கித் தள்ளிட்டாங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.