கஞ்சாவைக் குறைக்கக் கைப்பேசி உதவுமா?



தோட்டத்திலும் சரி, தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களிலும் சரி, வளர்ந்த பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் இரண்டு குறைகளைச் சொல்வதுண்டு. பிள்ளை எந்நேரமும் கைப்பேசியும் கையுமாக இருக்கிறான் என்பது ஒன்று. மற்றொன்றைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும். பிள்ளை கஞ்சா பிடிக்கிறான் என்பதே அது. முதற்குறையாகிய கைப்பேசியைக் கொண்டே இரண்டாவது குறையைத் தீர்க்க முடியுமா என்று சில நாடுகளில் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

கஞ்சா என்ன செய்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். அச்செடியில் மயக்கத்தைத் தருவது டி.எச்.சி. என்னும் பொருள். அது மூளையில் நினைவு, கவனம், மகிழ்ச்சி ஆகியவற்றைக் கவனித்துக்கொள்ளும் பகுதிகளைத் தாக்குகிறது. மனிதனுடைய மூளை ஏறத்தாழ 25 வயது வரையில் முதிர்ந்துகொண்டே இருக்கிறது. ஆகவே, 16 வயதிலும் 18 வயதிலும் தொடங்குகிற பழக்கம் வளர்கிற மரத்தில் விழுகிற வெட்டுக்குச் சமம். பால்மரம் சீவியவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. கத்தி ஆழமாகப் பாய்ந்து மரத்தைக் காயப்படுத்தினால், அந்த இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாகத்தான் வளரும். அடிக்கடி கஞ்சா பிடிக்கும் இளைஞர்களுள் சிலருக்கு, இல்லாத குரல் காதில் கேட்பது, காரணமின்றி எல்லாரையும் சந்தேகிப்பது போன்ற மனநோயும் வருவதுண்டு. குடும்பத்தில் முன்பே மனநோய் இருந்தால் அந்த ஆபத்து இன்னும் அதிகம்.

கஞ்சாப் பழக்கத்தைத் தீர்ப்பதற்கென்று மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட மாத்திரையோ ஊசியோ இன்றுவரை இல்லை. பேச்சு வைத்தியமே முதன்மையான வைத்தியம். ஆலோசகர் ஒருவர் இளைஞனோடு உட்கார்ந்து, எப்போது பிடிக்கிறாய், ஏன் பிடிக்கிறாய், அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்று பேசிப் பேசி வழி காண்பதுதான் அது. ஆனால் இளைஞர்கள் வெட்கத்தாலும் பயத்தாலும் ஆலோசகரைத் தேடிப் போவதில்லை. அவர்கள் நம்மைத் தேடி வராவிட்டால், அவர்கள் கையில் இருக்கிற கருவிக்குள் நாம் போவோம் என்று எண்ணியதன் விளைவாகப் பிறந்தவையே இந்தச் செயலிகள்.

ஆஸ்திரேலியாவில் உருவாக்கப்பட்ட ஒரு செயலியின் பெயரே அது செய்யும் வேலையைச் சொல்லிவிடுகிறது. அளந்து பார், திட்டமிடு, கணக்கு வை, யோசனைகளைப் பெறு என்பது அப்பெயரின் பொருள். இந்த நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அளந்து பார்ப்பது முதற்படி. வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு, எவ்வளவு பணம் என்று செயலி கேட்கும். 'எப்போதாவதுதான்' என்று சொல்லிக்கொண்டிருந்த இளைஞன், மாதக் கடைசியில் கூட்டுத் தொகையைப் பார்க்கும்போது தன் வாயால் சொன்னதற்கும் கணக்குக்கும் உள்ள தூரத்தைத் தானே காண்கிறான். பிறர் சொன்னால் கோபம் வரும். தன் கையால் எழுதியதோடு யார் சண்டை போடுவது?

இரண்டாவது, திட்டமிடுவது. முழுவதும் விடுவதா, முதலில் நாட்களைக் குறைப்பதா என்று அவனே ஒரு குறியை வைத்துக்கொள்கிறான். 'இனித் தொடவே மாட்டேன்' என்ற ஆவேசச் சபதத்தைவிட, 'இந்த வாரம் வேலை நாட்களில் இல்லை' என்ற சிறிய முடிவு நிலைத்து நிற்பதுண்டு.

மூன்றாவது, கணக்கு வைப்பது. தோட்டத்தில் மண்டோர் நாள்தோறும் செக்ரோலில் பெயர் பதிவது போல, இளைஞன் நாள்தோறும் பதிகிறான். எந்த இடம், யாரோடு, எந்த மனநிலை என்பதெல்லாம் அதில் ஏறும். சில வாரங்களில் ஓர் ஒழுங்கு தெரியவரும். சம்பள நாளா, திடலில் கூடும் ஒரு குறிப்பிட்ட கூட்டமா, வீட்டில் சண்டை நடந்த இரவா, எது அவனை இழுக்கிறது என்பது புலப்படும். இழுக்கும் இடம் தெரிந்தால் விலகும் வழியும் தெரியும். ஆசை எழும் நேரத்தில் என்ன செய்யலாம் என்றும் செயலி நினைவூட்டும். ஆசை என்பது அலை. எழும், உயரும், தானே தணியும். அது தணியும் வரையில் கையையும் காலையும் வேறு வேலையில் வைத்திருக்கவேண்டும்.

நான்காவது, யோசனைகளைப் பெறுவது. பத்து நாள் விட்டவன் பதினோராம் நாள் தவறிவிட்டால் எல்லாம் போயிற்று என்று எண்ணுவான். செயலியோ அவனைத் திட்டுவதில்லை. எங்கே தவறியது என்று பார்த்து, அடுத்த நாளின் ஏட்டைத் திறந்து வைத்துக்கொள்வதே நல்லது.

சரி, இதனால் பலன் உண்டா? ஜெர்மனியில் அக்காலத்தில் கூட்டரசுச் சுகாதாரக் கல்வி மையம் என்று அழைக்கப்பட்ட அரசு நிறுவனம், 2004-ஆம் ஆண்டில் இணையம் வழியாக இப்படியொரு திட்டத்தைத் தொடங்கியது. அதன் பெயர் சற்று முரட்டுத்தனமானது. வானொலியில் சொல்வதற்கு ஏற்றதன்று. இளைஞர் நாள்தோறும் குறிப்பேடு எழுதவேண்டும். வாரந்தோறும் ஆலோசகர் அதைப் படித்துப் பதில் எழுதுவார். இப்படி 50 நாட்கள் வரை நடக்கும். சேர்ந்தவர்களில் பலர் பாதியிலேயே நின்றுவிட்டனர். ஆயினும், நிலைத்தவர்கள் கஞ்சாவைக் கணிசமாகக் குறைத்தார்கள்.

சுவிட்சர்லாந்தின் சூரிக் நகர ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட முடிவு நமக்கு முக்கியமானது. ஒரு குழுவினருக்கு இணையவழிப் பாடங்களோடு ஆலோசகர் ஒருவரும் எழுத்து வழியாக உரையாடினார். இன்னொரு குழுவினருக்குப் பாடங்கள் மட்டும் தரப்பட்டன. மூன்றாம் குழுவினர் காத்திருந்தனர். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, ஆலோசகரோடு பேசிய குழுவே மற்ற இரு குழுக்களையும்விடக் கஞ்சா பிடிக்கும் நாட்களைக் குறைத்திருந்தது. பாடங்கள் மட்டும் பெற்றவர்களுக்கும் காத்திருந்தவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. கருவி துணை செய்யும். ஆனால் கருவிக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கவேண்டும் என்பதே இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கனடாவில் 2018 முதலும், ஜெர்மனியில் 2024 முதலும் வயது வந்தவர்கள் சிறிதளவு கஞ்சா வைத்திருப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது. மலேசியாவில் அப்படியில்லை. 1952-ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டப்படி, கஞ்சாவைப் பயன்படுத்தினாலே 5,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ கிடைக்கலாம். 200 கிராம் அல்லது அதற்கு மேல் வைத்திருந்தால், கடத்தல்காரன் என்றே சட்டம் அனுமானிக்கும். கடத்தலுக்குக் கட்டாய மரண தண்டனை என்ற விதி 2023-இல் நீக்கப்பட்டது. என்றாலும், நீதிபதி விரும்பினால் அத்தண்டனையை இன்றும் விதிக்கலாம். அதோடு டி.எச்.சி. உடலின் கொழுப்பில் தங்குவது. நாள்தோறும் பிடித்தவனுடைய சிறுநீரில், நிறுத்திச் சில வாரங்கள் சென்ற பின்னும் அது தெரியக்கூடும். 'குறைத்துவிட்டேன்' என்பது இங்கே காப்பு ஆகாது. ஆகவே நமக்குக் குறைப்பது ஒரு படி, விட்டுவிடுவதே வீடு.

செயலியைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கைப்பேசியில் எழுதியதைப் பிறர் படிக்க நேரலாம். அதை உருவாக்கியவர் யார், எழுதியவை எங்கே போகின்றன என்பது தெரியாத செயலியில் பெயரும் விவரமும் கொடுப்பது அறிவுடைமையன்று. ஒரு காலண்டரில், பிடிக்காத நாளுக்கு ஒரு புள்ளி வைத்து வந்தாலும் போதும். அந்தப் புள்ளிகளும் கணக்குத்தான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பழக்கத்தை நிறுத்திய முதல் வாரத்தில் பிள்ளைக்கு எரிச்சல் வரும், தூக்கம் வராது, சோறு இறங்காது, கெட்ட கனவுகள் வரும். 'விட்டேன் என்கிறான், முன்பைவிட மோசமாக இருக்கிறானே' என்று தாய் கலங்குவாள். அது கஞ்சா உடலை விட்டு விலகும்போது ஏற்படும் தொல்லை. பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் தணியும். அந்த நாட்களில் விழுகிற அடியும் ஏச்சும் பிள்ளையை மறுபடியும் அந்தக் கூட்டத்துக்கே அனுப்பிவைக்கும். தோளுக்கு மேல் வளர்ந்தவன் தோழன் அல்லவா? 'தம்பி, இராத்திரி தூக்கம் வரலையா? வா, கொஞ்ச நேரம் நடந்துட்டு வரலாம்' என்று ஒரு தகப்பன் சொல்வது, சூரிக் நகரத்து ஆலோசகர் எழுதிய பதிலுக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று.

வீட்டுப் பேச்சால் முடியாதபோது வெளியே உதவி உண்டு. தானாக முன்வந்து சிகிச்சை கேட்பவருக்கு 1983-ஆம் ஆண்டின் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டம் வழி வைத்திருக்கிறது. ஏ.ஏ.டி.கே. எனப்படும் தேசியப் போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்கலாம். பிடிபட்ட பிறகு போவதும், தானே நடந்து போவதும் ஒன்றல்ல. குரல் கேட்கிறது என்கிறான், வீட்டாரையே சந்தேகிக்கிறான், சாகப் போகிறேன் என்கிறான் என்றால், செயலியையும் காலண்டரையும் ஒதுக்கி வைத்துவிட்டு, அன்றே அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இன்று ஒரு புள்ளி, நாளை ஒரு புள்ளி. அதை வைப்பது பிள்ளையின் கை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கவேண்டியது நீங்கள்.